ஐந்தாம் தரத்தைக் கடக்கும் பிள்ளை கற்றிருக்க வேண்டியவை

புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் எமது காரியாலயத் தொலைபேசி ஓய்வதில்லை. அக்குறணையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் பேசுகின்ற பெற்றோர் அனைவரும் கேட்பது ஒன்றுதான்: "வெட்டுப்புள்ளி எத்தனை?" தமது பிள்ளை ஐந்தாம் தரத்தில் எதைக் கற்றிருக்க வேண்டும் என்று கேட்டு எவரும் எம்மை அழைத்ததாக எமக்கு நினைவில்லை. கேட்கப்படாத அந்த வினாவுக்கே இங்கு விடை கூற முற்படுகின்றோம்.

எமது நாட்டின் ஆரம்பக் கல்வி முதலாம் தரம் தொடக்கம் ஐந்தாம் தரம் வரையிலானது. 1990களின் இறுதியில் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டு, 1999இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தம் இவ்வைந்து வருடங்களையும் மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. ஒன்றும் இரண்டும் முதலாவது நிலை. மூன்றும் நான்கும் இரண்டாவது நிலை. ஐந்தாம் தரம் தனித்து மூன்றாவது நிலை. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்று வழிகளில் பிள்ளை கற்கின்றது. சிறு வகுப்புகளில் விளையாட்டுக்கும், நடு வகுப்புகளில் மூன்றுக்கும் சமமாகவும், ஐந்தாம் தரத்தில் எழுத்து வேலைக்கும் முதன்மை கொடுக்கப்பட வேண்டும் என்பதே அச்சீர்திருத்தத்தின் ஏற்பாடாகும். முதல்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் ஆகியன பிரதான பாடங்கள். இவற்றுடன் ஆங்கிலமும் இரண்டாம் மொழியாகச் சிங்களமும் சேர்கின்றன. விஞ்ஞானம் என்ற பெயரில் ஒரு பாடம் ஆறாம் தரத்திலேயே வருகின்றது. அதுவரை அது சுற்றாடல் பாடத்தினுள் அடங்கியிருக்கின்றது.

முதலில் வாசிப்பை எடுத்துக்கொள்வோம்; ஏனையவை யாவும் அதன்மீதே நிற்கின்றன. மூன்றாம் தரம் வரை பிள்ளை வாசிக்கக் கற்கின்றது. நான்காம் தரம் தொடக்கம் கற்பதற்காக வாசிக்கின்றது. உலகெங்கும் ஆரம்பக் கல்வி ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகின்ற இந்தத் திருப்பத்தை, வீட்டில் இருக்கின்ற நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பிள்ளை சத்தமாகவும் தடுமாற்றமின்றியும் வாசித்தால் வாசிப்பு வந்துவிட்டது என்று திருப்தி கொள்கின்றோம். வாசித்ததை விளங்கிக்கொண்டதா என்று பார்ப்பதில்லை.

ஒரு சிறு உதாரணம் கூறலாம். "மேகம் இருண்டது. உம்மா கொடியில் கிடந்த உடுப்புகளை அவசரமாக எடுத்தார்." இந்த இரு வசனங்களையும் வாசித்த பிள்ளையிடம், உம்மா எதனை எடுத்தார் என்று கேட்டால் எவரும் விடை சொல்வர், விடை வசனத்திலேயே இருக்கின்றது. ஏன் அவசரப்பட்டார் என்று கேட்க வேண்டும். மழை என்ற சொல் அங்கு எங்கும் இல்லை. எழுதப்படாத அந்த மழையைக் கண்டுகொள்ளும் பிள்ளையே நான்காம் தரத்துக்குரிய வாசிப்பை எட்டிய பிள்ளை. ஐந்தாம் தரத்தில் இன்னும் ஒரு படி உண்டு: உம்மா செய்தது சரியா, நீயானால் என்ன செய்திருப்பாய் என்பதற்குக் காரணத்தோடு விடை கூறுதல். இவற்றோடு, ஒரு பந்தியின் பிரதான கருத்தைத் தன் சொற்களில் கூறல், அகராதியில் சொல்லைத் தேடுதல், கடிதமும் சிறு கட்டுரையும் எழுதுதல், செய்யுளைப் பொருள் விளங்கச் சொல்லுதல் ஆகியனவும் இத்தரங்களில் எதிர்பார்க்கப்படுகின்றன.

தமிழ் வாசிக்கும் பிள்ளைக்குரிய சில சிரமங்களையும் இங்கு கூறியாக வேண்டும். எமது எழுத்துகள் 247. ஆயினும் எழுத்துகளின் தொகை பெருந்தடை அன்று. உயிரும் மெய்யும் சேரும் ஒழுங்கு விளங்கிவிட்டால் மிகுதி தானாகவே வரும். பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்குமுள்ள தூரமே பெரிய சிரமம். "வந்துட்டாரு" என்று பேசும் பிள்ளை "வந்துவிட்டார்" என்று வாசிக்கும்போது அது ஏறக்குறைய புதியதொரு மொழியாகவே அதற்குத் தோன்றும். லகர, ளகர, ழகர வேறுபாடு மலையகப் பேச்சிலும் கண்டி முஸ்லிம்களின் பேச்சிலும் பெரிதும் மங்கிவிட்டமையால், காதால் கேட்டு எழுதும் பிள்ளை 'மழை'யை 'மலை'யாக எழுதுவது வியப்பன்று. மலையும் மழையும் ஒன்றாகவே இருக்கின்ற எமது மாவட்டத்தில் இப்பிழையைக் கண்டு சிரிக்காத ஆசிரியர் இருக்க மாட்டார். அப்பிள்ளையை அடிப்பதால் பயனில்லை. கதைப் புத்தகம் கொடுத்துக் கண்ணால் அச்சொல்லைப் பலமுறை காணச் செய்வதே பரிகாரம்.

கண்டியைச் சூழவுள்ள முஸ்லிம் பிள்ளை பத்து வயதுக்குள் நான்கு எழுத்து முறைகளைச் சந்திக்கின்றது: பாடசாலையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம், குர்ஆன் மத்ரஸாவில் அரபு. அரபு வலமிருந்து இடம் செல்வது. ஏனையவை இடமிருந்து வலம். தமிழ்ப் பிள்ளைக்கு இவற்றுள் மூன்று. இது சுமை என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு மொழியில் ஆழமாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஏனைய மொழிகள் இலகுவாகின்றன. நான்கிலும் மேலோட்டமாக நின்றுவிட்டு எதிலும் பொருள் உணர்ந்து வாசிக்க இயலாமற் போகும் பிள்ளைக்கே ஆபத்து. கண்டியில் 1838இல் பிறந்து, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை, தமிழையும் அரபையும் ஆங்கிலத்தையும் ஒருசேரக் கற்கும்படி தமது சமூகத்தை வற்புறுத்தியதுடன், பெண்பிள்ளைகளுக்கும் இந்நகரில் பாடசாலை தொடங்கியவர். சமயக் கல்வியும் நவீன கல்வியும் ஒரே பிள்ளைக்கு இயலும் என்பது இன்று நேற்றுப் பேசப்படும் விடயம் அன்று.

இனிக் கணிதம். நான்காம், ஐந்தாம் தரங்களின் கணிதத்தில் எண்களும் அவற்றின் இடப்பெறுமானமும், நான்கு கணிதச் செய்கைகள், பின்னம், நீளம், நிறை, திரவ அளவு, நேரம், பணம், திசை, தளவுருவங்கள், சமச்சீர், உரோம எண்கள், தரவுகளை அட்டவணையாக்கல் என்பன வருகின்றன. பட்டியல் நீண்டதாயினும் இரண்டே இரண்டு விடயங்களில் பிள்ளை உறுதியாக நின்றால் மிகுதியைச் சமாளிக்கலாம் என்பதே நாம் கேட்டறிந்த மூத்த ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களின் கருத்து. அவை இடப்பெறுமானமும் பின்னமும் ஆகும்.

"நாலாயிரத்து ஐந்து" என்று சொல்லி எழுதச் சொன்னால் 4005 என எழுதாது 40005 என எழுதும் பிள்ளைகள் பலர். காதில் விழுந்த ஒழுங்கிலேயே, முதலில் 4000ஐயும் பின்னர் 5ஐயும் எழுதிவிடுகின்றனர். வெறுமையாக இருக்கும் இடத்தைப் பூச்சியம் காத்து நிற்கின்றது என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. எமது எண்ணுப் பெயர்களும் இக்குழப்பத்துக்கு ஓரளவு துணைபோகின்றன. எண்பதுக்கு அடுத்து வருவது தொண்ணூறு. அதில் 'நூறு' ஒலிக்கின்றது, ஆனால் நூறு இல்லை. எண்ணூறுக்கு அடுத்து வருவது தொள்ளாயிரம். அதில் 'ஆயிரம்' ஒலிக்கின்றது, ஆனால் ஆயிரம் இல்லை. பெரியவர்களான நாம் இதைக் கவனிப்பதே இல்லை. ஐம்பது நூற்று அட்டைகளைக் கொண்டு பிள்ளை தானே கட்டிப் பார்த்தால் அரை மணித்தியாலத்தில் தெளியக்கூடிய இவ்விடயம், கரும்பலகையில் மாத்திரம் சொல்லப்படுவதால் பல வருடங்கள் தெளியாமல் கிடக்கின்றது.

பின்னத்தில் வரும் தடுமாற்றம் வேறு வகையானது. மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா எனக் கேட்டால், நான்கு மூன்றை விடப் பெரிது என்பதால் நான்கில் ஒன்றே பெரிது என்று பிள்ளை கூறும். ஒரு றாத்தல் பாணை மூவருக்கும், இன்னொரு றாத்தலை நால்வருக்கும் பகிர்ந்து கொடுத்துப் பார்த்த பிள்ளை அவ்வாறு கூறாது. கால், அரை, முக்கால் என்பன எமது சமையலறைச் சொற்கள். முன்னைய தலைமுறையினர் அரைக்கால், மாகாணி என்று எட்டிலொன்றையும் பதினாறிலொன்றையும் கூட வாயால் கணக்கிட்டனர். பாட்டனாருக்குத் தெரிந்த பின்னம் பேரனுக்குப் பாடப்புத்தகத்தில் அந்நியமாகத் தோன்றுவது எமது கற்பித்தலின் குறைபாடாகும்.

கலஹாவிலும் ஹேவாஹெட்டையிலும் புசல்லாவையிலும் உள்ள தோட்டப் பிள்ளைக்கு நிறையளவைக் கற்பிக்க வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. தாய் காலையில் 7 கிலோ 400 கிராம், நண்பகலில் 6 கிலோ 850 கிராம், மாலையில் 5 கிலோ 250 கிராம் கொழுந்து பறிக்கின்றார். மூன்று நிறுவையிலும் பைக்காக 500 கிராம் வீதம் கழிக்கப்படுகின்றது. அன்று அவர் பெயரில் எவ்வளவு எழுதப்பட வேண்டும்? 18 கிலோ என்று சரியாகக் கணிக்கும் ஐந்தாம் தரப் பிள்ளை, கூட்டலையும் பெருக்கலையும் கழித்தலையும் அலகு மாற்றத்தையும் ஒருங்கே அறிந்த பிள்ளை. வீட்டுக்கு வரும் சம்பளச் சீட்டையும் அப்பிள்ளை வாசிக்கும். நாட்டின் ஏனைய பாடசாலைகளுக்கு வெகு காலம் பின்னரே, 1970களிலேயே, தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தால் பொறுப்பேற்கத் தொடங்கப்பட்டன என்பதை நினைவிற் கொண்டால், இவ்விடைவெளியின் தாக்கம் இன்றும் ஏன் தொடர்கின்றது என்பது விளங்கும்.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்தையே பெற்றோர் மிகவும் குறைவாக மதிக்கின்றனர். மனனம் செய்துகொள்ளலாம் என்பது பொதுவான எண்ணம். தாவரம், விலங்கு, உணவு, நீர், காற்று, வானம், ஒளியும் நிழலும், ஒலி, காந்தம், எளிய பொறிகள், போக்குவரத்து, எம்மைச் சூழ்ந்து வாழும் மக்கள் என்று அதன் தொனிப்பொருள்கள் முதலாம் தரத்திலேயே தொடங்கி, ஒவ்வொரு தரத்திலும் மீண்டும் வந்து விரிகின்றன. நான்காம், ஐந்தாம் தரங்களில் பிள்ளை பழக வேண்டிய முறைமை இதுவே: உற்றுநோக்கல், அளத்தல், குறித்துக்கொள்ளல், ஒப்பிடல், காரணம் ஊகித்தல். தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பிலிருந்தே அறிவியலுக்குத் தனிப் பாடநூல் உண்டு. எமது முறையில் வரலாறும் புவியியலும் விஞ்ஞானமும் கலந்தே வருகின்றன. இதில் எது சிறந்தது என்ற விவாதத்தில் நாம் இறங்கவில்லை. கலந்து வருவதால் விஞ்ஞானம் காணாமற் போய்விடக் கூடாது என்பதே எமது கவலை.

கண்டியைப் போன்ற ஒரு விஞ்ஞான கூடம் எங்கே கிடைக்கும்? பேராதனைத் தாவரவியற் பூங்காவும் உடவத்தகெலேயும் அருகிலேயே உள்ளன. பொல்கொல்லையில் 1976 தொடக்கம் மகாவலியின் நீர் மறிக்கப்பட்டு, மலையினூடான சுரங்கத்தின் வழியே உக்குவெல மின்நிலையத்துக்குச் செல்கின்றது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய இதனைப் பாராமலேயே ஆறாம் தரம் ஏறும் பிள்ளைகள் எத்தனை பேர்! பயணம் போக வசதியில்லையெனில் பாடசாலை முற்றமே போதும். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகலில் சூரியன் எமது தலைக்கு நேர் மேலே வருகின்றது. நிலைக்குத்தாக நட்ட தடியின் நிழல் அப்போது ஏறக்குறைய மறைந்துவிடும். வருடத்தில் சில நாட்களுக்கே கிடைக்கும் இந்தக் காட்சிக்கு ஒரு தடி மாத்திரமே செலவு.

சந்திரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். முஸ்லிம் பிள்ளை தலைப்பிறைக்காக மேற்கு வானத்தைப் பார்க்கின்றது. இந்துப் பிள்ளைக்கு அமாவாசையும் பௌர்ணமியும் வீட்டு நாட்காட்டியில் உள்ளன. போயா தினத்தில் பாடசாலையே விடுமுறை. ஒரு கொப்பியில் முப்பது கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு மாலையும் தான் கண்ட சந்திரனின் வடிவத்தைப் பிள்ளை வரைந்து வருமாயின், மாதம் ஏன் 29 நாளாகவோ 30 நாளாகவோ அமைகின்றது என்பது எவரும் கற்பிக்காமலேயே விளங்கத் தொடங்கும். முகில் மறைத்த நாட்களில் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். காணாததை வரையாதிருத்தலும் விஞ்ஞானத்தில் அடங்கும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த பெருமழையில் எமது மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல இடிந்து வீழ்ந்தன. மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கவும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவும், 150ஐத் தாண்டினால் இடம்பெயரவும் வேண்டும் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள பொதுவான எல்லைகள். நேரான பக்கங்களும் தட்டையான அடியும் கொண்ட ஒரு போத்தலும் அடிமட்டமும் இருந்தால் ஐந்தாம் தரப் பிள்ளை மழையை அளந்துவிடும். நிலத்தில் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனச் சேறாகப் பாயும் ஊற்று ஆகியவற்றின் பொருளும் அப்பாடத்திலேயே அடங்கும். அளக்கவும், அளந்ததை எல்லையுடன் ஒப்பிடவும், அறிவித்தலை வாசித்து விளங்கவும் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருப்பது எத்தகைய காவல் என்பதை மலைச்சரிவில் வாழ்பவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

இவ்வளவும் கற்க வேண்டிய இரு வருடங்களுக்கு நடைமுறையில் நேர்வது என்ன? நான்காம் தரத்தின் நடுவிலேயே மாதிரி வினாத்தாள் வந்துவிடுகின்றது. பாடசாலை விட்டதும் பிரத்தியேக வகுப்பு. சனி, ஞாயிறும் அதுவே. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு கால விடுமுறையால் தவணைகள் வேறாக அமைகின்றபோதிலும் பரீட்சை அனைவருக்கும் ஒரே நாளிலேயே நடைபெறுகின்றது. ஆதலால் அங்கு அவசரம் இன்னும் அதிகம். பரீட்சையின் முதலாம் வினாத்தாள் 40 வினாக்களுக்கு ஒரு மணித்தியாலம். இரண்டாவது 60 வினாக்களுக்கு ஒரு மணியும் 15 நிமிடமும். கணக்கிட்டால் இரண்டாவதில் ஒரு வினாவுக்கு 75 விநாடிகள். எனவே விரைவும் பழக்கமும் பயிற்றப்படுகின்றன. பாணைப் பங்கிட்டுப் பார்க்கவோ தடி நட்டு நிழல் பார்க்கவோ எவருக்கும் நேரமில்லை.

வறிய பிள்ளைக்கு உதவித்தொகையும், கிராமத்துத் திறமையாளனுக்கு நல்ல பாடசாலையில் இடமும் கிடைக்க வேண்டும் என்பதே இப்பரீட்சையின் நோக்கம். 1940களில் கன்னங்கரா இலவசக் கல்வியையும் மத்திய கல்லூரிகளையும் நிறுவிய காலத்தில் வேர்கொண்ட அந்நோக்கத்தை நாம் குறைகூற மாட்டோம். தமிழ் மொழி மூலம் ஆறாம் தரத்தில் சேரத்தக்க, வசதி மிகுந்த பாடசாலைகள் கண்டியில் அதிகமில்லை. தோட்டத்திலிருந்து வெளியேற வேறு வாசல் தென்படாத தாய் வெட்டுப்புள்ளியைக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆயினும் 2024இல் தோற்றிய 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 51 ஆயிரம் பேர். ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர். மற்றைய ஐவரும் தோல்வியடைந்தவர்கள் என்ற எண்ணத்துடன் பத்து வயதில் வீடு திரும்பினர். அவ்வருடமே மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, அவ்வினாக்களுக்கு அனைவருக்கும் புள்ளி வழங்க டிசம்பர் 31ஆம் திகதி தீர்ப்பளிக்கப்பட்டது. சிறுவர்களின் ஒரு பரீட்சை அந்த அளவுக்குப் பெரியோரின் போட்டியாகிவிட்டது.

அடித்தளத்தின் நிலையோ வேறு. பாடசாலைகள் நீண்ட காலம் மூடிக்கிடந்த தொற்றுக் காலத்தின் பின், 2021 டிசம்பரில் மூன்றாம் தரப் பிள்ளைகளிடையே கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், எழுத்தறிவில் குறைந்தபட்சத் தேர்ச்சியை அடைந்தவர்கள் 34 சதவீதம். எண்ணறிவில் 7 சதவீதம். அப்பிள்ளைகள் இப்போது இடைநிலை வகுப்புகளில் இருக்கின்றனர். இதே இழப்பைக் கண்ட தமிழ்நாடு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைச் சிறு வகுப்புகளுக்குத் தொடங்கி, பின்னர் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரித்தது. அங்கு பிள்ளைகள் வகுப்பின்படி அல்லாது அவரவர் கற்றல் நிலையின்படி பிரிக்கப்பட்டுக் கற்பிக்கப்படுகின்றனர். கண்டி, கம்பளை, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, தெனுவர, தெல்தெனிய ஆகிய எமது கல்வி வலயங்களில், மாலை நேரத்தில் அவ்வாறானதொரு மணித்தியாலத்தை ஒதுக்குவதற்குப் பெரும் நிதி தேவைப்படாது. பள்ளிவாசல் மண்டபமும் கோவில் மடமும் தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையமும் மாலையில் திறந்தே இருக்கின்றன. க.பொ.த. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர்.

பெற்றோர் கூட்டத்துக்குச் செல்வோர் அடுத்த முறை வகுப்பாசிரியரிடம் புள்ளியைக் கேட்டபின் இன்னும் மூன்றைக் கேட்கலாம். எனது பிள்ளை வாசித்ததைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்கின்றதா? நாலாயிரத்து ஐந்தை எப்படி எழுதுகின்றது? இத்தவணையில் எதனை அளந்து குறித்தது? அத்தியாவசியத் தேர்ச்சிகள் ஒவ்வொரு முதன்மை நிலைக்கும் வகுக்கப்பட்டு ஆசிரியர் வழிகாட்டிகளில் உள்ளன. அவற்றைக் காட்டுமாறு கேட்பது பெற்றோரின் உரிமை. ஆறாம் தரத்தின் விஞ்ஞானப் புத்தகம் வீட்டுக்கு வரும் நாளில், அதன் முதற் பாடத்தின் முதற் பந்தியைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லி, புத்தகத்தை மூடிவிட்டு, என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.